படகில் ஏறாத பிள்ளையின் வழக்கு



சென்ற மாதம் மேற்பிரிவு பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் முடிந்து தராசைக் கட்டும் நேரத்தில் ஒரு தாய் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். இடுப்பில் நாலு வயதுப் பெண்பிள்ளை. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"வெல்பெயார் ஐயா, டவுன்ல ஒரு ஆளு சொல்றாரு, படகுல போறதுன்னா புள்ளையோட போறதுதான் நல்லதாம். புள்ள இருந்தா திருப்பி அனுப்ப மாட்டாங்களாம். அங்க இருக்கிற வக்கீலுங்க காசு வாங்காம வாதாடி விசா எடுத்துக் குடுப்பாங்களாம். மெய்யா ஐயா?"

"இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. பிள்ளைகளுக்காக வாதாடும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சில பிள்ளைகளைச் சட்டம் காப்பாற்றியும் இருக்கிறது. எப்படிக் காப்பாற்றியது, எத்தனை வருடம் பிடித்தது, அதுவரை பிள்ளை எங்கே இருந்தது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. ஆகவே இம்மாதப் பாடத்தை அந்தத் தாயின் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் சில சொற்கள்

குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிறவர் விசாவோடு போகிறார். அவர் வெளிநாட்டுத் தொழிலாளி. இன்னொருவர் சொந்த நாட்டில் உயிருக்குப் பயந்து ஓடிப்போய், "என்னைக் காப்பாற்றுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள்" என்று வேறொரு நாட்டிடம் கேட்கிறார். அவர் புகலிடம் கோருபவர். அவர் சொல்வதை விசாரித்து, பயம் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டால் அவர் அகதி. 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் செய்த உடன்படிக்கையின் மூல விதி, ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது. அவுஸ்திரேலியா அதில் சேர்ந்த நாடு. நம் இலங்கை சேரவில்லை.

வறுமை இந்தக் கணக்கில் வராது. சம்பளம் போதவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த உடன்படிக்கையின் கீழ் அது புகலிடத்துக்குக் காரணம் ஆகாது. இதை எழுத எனக்கே மனம் கசக்கிறது. ஆனாலும் படகுக்குக் காசு கொடுக்கும் முன்பு தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்த சொல் தடுத்து வைத்தல். நம் ஊரில் ஒருவரைப் பொலிஸ் பிடித்தால் நீதவான் முன் நிறுத்த வேண்டும். தண்டனை என்றால் இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு இருக்கும். வீட்டில் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். அவுஸ்திரேலியாவில் 1992இல் கொண்டுவந்த சட்டப்படி, விசா இல்லாதவர் என்றால் அடைத்து வைக்க வேண்டியதுதான். அதற்கு முன்கூட்டியே நீதிபதியின் கட்டளை தேவையில்லை. இத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை. அது தண்டனை அல்ல, நிர்வாக ஏற்பாடு என்றே அந்த அரசாங்கம் சொல்லிவந்தது. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் விளங்குமா என்பது வேறு விஷயம். திருப்பி அனுப்ப வழியே இல்லாத ஒருவரைக்கூடக் காலவரையின்றி அடைத்து வைக்கலாம் என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2004இல் சொன்னது. அது தவறு என்று அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் மாற்றிச் சொன்னது. இடையில் போனது 19 வருடம்.

பிலோவீலா என்ற சின்ன ஊர்

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோவீலா என்று ஒரு சின்ன டவுன். ஆறாயிரம் பேர் அளவில் இருப்பார்கள். மாடு வளர்ப்பும் நிலக்கரியும் பெரிய இறைச்சித் தொழிற்சாலையுமாக உள்ள ஊர். நம் நாட்டைச் சேர்ந்த, தனித்தனிப் படகில் 2012இலும் 2013இலும் போன ஒரு தமிழ் ஆணும் ஒரு தமிழ்ப் பெண்ணும் அவுஸ்திரேலியாவில் சந்தித்து, 2014இல் கலியாணம் செய்து, அந்த ஊரில் குடியிருந்தார்கள். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 2015இல் ஒரு பெண்பிள்ளை, 2017இல் இன்னொரு பெண்பிள்ளை. இந்தக் குடும்பத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்ததுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருப்பதால் நான் இங்கே பெயரை எழுதவில்லை.

அவர்களிடம் இருந்தது தற்காலிக விசா. 2018 மார்ச் 5ஆம் திகதி, தாயின் விசா முடிந்த மறுநாள், விடியற்காலையில் எல்லைக் காவல் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். சாமான் கட்டக் கொடுத்தது பத்து நிமிடம். நம் பெண்கள் பிரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூத்த பிள்ளைக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. இளையது ஒன்பது மாதக் கைக்குழந்தை. ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள மெல்பேர்ன் நகரத் தடுப்பு நிலையத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

வழக்குகள் நடந்தன. தாய் தகப்பனின் கோரிக்கையும், அதோடு சேர்ந்திருந்த மூத்த பிள்ளையின் கோரிக்கையும் ஒவ்வொரு படியாகத் தோற்றன. 2019 மே மாதம் அதியுயர் நீதிமன்றமும் அந்த மேன்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. சட்டப்படி இனி அவர்களை அனுப்பிவிடலாம்.

2019 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு நால்வரையும் தனி விமானத்தில் ஏற்றி, இலங்கைக்கு அனுப்பக் கிளப்பினார்கள். சட்டத்தரணிகள் அந்த இரவில் தொலைபேசியிலேயே ஒரு பெண் நீதிபதியிடம் முறையிட்டு இடைக்காலத் தடையுத்தரவு வாங்கினார்கள். வானத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், அதிகாலையில் வடக்கே டார்வின் நகரத்தில் இறங்கியது.

எல்லா வழக்கும் தோற்றுப்போன பிறகு இந்தத் தடையுத்தரவு எப்படிக் கிடைத்தது? அது யாருக்காகக் கிடைத்தது?

நால்வருக்காகவும் அல்ல. இளைய பிள்ளை ஒருத்திக்காக மட்டும். அப்போது அவளுக்கு இரண்டு வயது.

பிள்ளையைக் கேட்டீர்களா?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் 2014இல் செய்த ஒரு சட்டத் திருத்தம் இப்படிச் சொல்கிறது: படகில் வந்த பெற்றோருக்கு அந்த நாட்டு மண்ணிலேயே பிள்ளை பிறந்தாலும், அந்தப் பிள்ளையும் அனுமதியில்லாமல் கடல் வழியாக வந்ததாகவே கணக்கு. ஆஸ்பத்திரியில் பிறந்து, தொட்டிலில் கிடந்து, ஒரு படகிலும் ஏறாத குழந்தை, சட்டத்தின் கண்ணில் படகில் வந்தவள். அப்படிப்பட்டவர் விசாவுக்கு மனுப் போடக்கூட முடியாது. அமைச்சர் தாமே "போடலாம்" என்று கதவைத் திறந்துவிட வேண்டும். திறப்பதும் திறக்காததும் அமைச்சரின் விருப்பம்.

சட்டத்தரணிகள் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்றைக் கண்டார்கள். பெற்றோரை விசாரித்திருக்கிறார்கள். மூத்தவள் தாயின் மனுவிலேயே இருக்கிறாள். இளையவளின் விஷயத்தை மட்டும் இதுவரை யாரும் முறையாக விசாரித்து முடிவு சொல்லவில்லை. இவளுக்காகக் கதவைத் திறக்கலாமா என்று 2019இல் அதிகாரிகள் ஒரு பரிசீலனையைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அப்படி ஒன்று நடக்கிறது என்று பிள்ளையின் தரப்புக்குச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்கவும் இல்லை.

நம் தோட்டத்தில் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நிற்பாட்டுவதானால் என்ன நடக்க வேண்டும்? முதலில் குற்றத்தை எழுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். பிறகு விசாரணை, அதற்குத் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். தொரை மனதில் முன்பே முடிவு இருந்தாலும் இந்தப் படிகளைத் தாண்ட முடியாது. தாண்டினால் தொழில் நீதிமன்றத்தில் அந்த வேலைநீக்கம் நிற்காமல் போகலாம். "அவன் களவெடுத்தானா இல்லையா" என்பது ஒரு கேள்வி. "அவனைக் கேட்டீர்களா" என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் தோற்றவர்கள் இரண்டாவதில் வென்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சிறு பிள்ளையின் வழக்கும் இதே கேள்விதான். 2020 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி, பரிசீலனையைத் தொடங்கிய பிறகு அதை நியாயமாக நடத்தியிருக்க வேண்டும், பிள்ளைக்குச் சொல்லாமல் செய்தது நியாயமான நடைமுறை அல்ல என்று தீர்ப்பளித்தார். வழக்குச் செலவாக இரண்டு லட்சம் டொலருக்கு மேல் அரசாங்கமே கட்ட வேண்டும் என்றும் கட்டளை வந்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2021 பெப்ரவரியில் அதுவும் எடுபடவில்லை.

இங்கேதான் டவுனில் அந்த ஆள் சொன்ன கதை உடைகிறது. நீதிமன்றம் விசா கொடுக்கவில்லை. குடும்பம் அங்கே இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. "அவளை முறையாகக் கேட்காமல் முடிவெடுத்தது பிழை" என்று மட்டுமே சொன்னது. அந்த ஒரு சொல்லில்தான் குடும்பம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, பிள்ளையை விட்டுப் பெற்றோரையும் அனுப்ப முடியாது, அதனால் எல்லோரும் காத்திருந்தார்கள்.

எங்கே காத்திருந்தார்கள்? டார்வினிலிருந்து கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அது அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு. ஆனால் இந்தோனேசியாவின் ஜாவாவுக்குத்தான் கிட்ட. அங்கே இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்தார்கள். 2021 ஜூனில் இளைய பிள்ளைக்குக் காய்ச்சல் பல நாள் நீடித்தது. கடைசியில் விமானத்தில் பேர்த் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா, இரத்தத்திலும் கிருமி. தாய் கூடப் போனார். தகப்பனும் மூத்தவளும் தீவிலேயே நின்றார்கள். நான்காவது பிறந்தநாள் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது. அதற்கு முந்திய மூன்று பிறந்தநாளும் தடுப்பில்.

அதன் பிறகுதான் குடும்பத்தைப் பேர்த் நகரத்தில் ஒரு வீட்டில் இருக்க விட்டார்கள். அப்போதும் முழுச் சுதந்திரம் இல்லை. 2022 மே மாதம் அந்நாட்டில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் ஒரு வாரத்துக்குள் தற்காலிக விசா கொடுத்தது. ஜூன் மாதம் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பியது. அதே கிழமையில் இளையவளின் ஐந்தாவது பிறந்தநாளை ஊர் சேர்ந்து கொண்டாடியது. ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

ஆக, சட்டத்தரணிகள் செய்தது என்ன என்று கேட்டால், நேரத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்குள் வேலை செய்தது அந்த ஊர்ச் சனம். அதில் பலர் வெள்ளைக்கார விவசாயக் குடும்பங்கள். தமிழ் தெரியாதவர்கள். "இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், திருப்பித் தாருங்கள்" என்று கையெழுத்து சேர்த்தார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. சட்டமும் சனமும் சேர்ந்து இழுத்தும் நான்கு வருடத்துக்கு மேல் போயிற்று. இந்த ஒரு குடும்பத்துக்குத்தான் ஊர் இப்படிக் கிளம்பியது. பெயர் வெளியே வராமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

சோப்பும் பல் பிரஷும்

அவுஸ்திரேலியாவோடு நிற்காமல் அமெரிக்க வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். தடுப்பில் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற சட்டத்தரணிகள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் புளோரஸ் வழக்கு.

1985இல் எல் சல்வடோர் என்ற நாட்டில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து 15 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, அமெரிக்காவில் இருந்த தாயைத் தேடிப் போனாள். எல்லையில் பிடித்து, கலிபோர்னியாவில் ஒரு பழைய விடுதியை மறித்து நடத்திய தடுப்பில் வைத்தார்கள். உறவில்லாத பெரியவர்களோடு ஒரே இடத்தில் இருக்கவிட்டார்கள். உடுப்பைக் கழற்றிச் சோதனை போட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகச் சித்தி முறையானவர் தயார். அதிகாரிகள் பெற்றவளைத்தான் வரச் சொன்னார்கள். தாய்க்கு வரப் பயம், வந்தால் அவரையும் பிடிப்பார்கள்.

மனித உரிமைச் சட்டத்தரணிகள் அவள் பெயரிலும் அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகள் பெயரிலும் வழக்குப் போட்டார்கள். வழக்கு எட்டு வருடம் ஏறி இறங்கி, 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். அந்தச் சட்டத்தரணிகள் விடவில்லை. வழக்கில் மிச்சமிருந்த கேள்விகளை வைத்துப் பேசிப் பேசி 1997இல் அரசாங்கத்தோடு ஓர் எழுத்து உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிள்ளையை வீணாகத் தாமதிக்காமல் பெற்றோரிடம், இல்லாவிட்டால் நெருங்கிய உறவினரிடம் விட வேண்டும். வைத்திருக்கும் இடம் பாதுகாப்பாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். சட்டத்தரணிகள் உள்ளே வந்து பிள்ளைகளைப் பார்த்துப் பேசலாம். முக்கியமானவை இவைதான்.

கடைசியில் உள்ளது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 22 வருடம் கழித்து அதுதான் கைகொடுத்தது. 2019 ஜூனில் டெக்சஸ் மாநிலத்தில் கிளின்ட் என்ற இடத்து எல்லைக் காவல் நிலையத்துக்குள், அந்த உடன்படிக்கையைக் காட்டித்தான் சட்டத்தரணிகள் போனார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பிள்ளைகள். குளிக்க வசதி இல்லை. மாற்றுடுப்பு இல்லை. சோப்பு இல்லை, பல் பிரஷ் இல்லை. சின்னக் குழந்தைகளை, பத்துப் பதினைந்து வயதுச் சிறுமிகள் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தரணிகள் பிள்ளைகளிடம் வாக்குமூலம் எழுதி எடுத்து வெளியே சொன்னபோது நாடே அதிர்ந்தது. சில நாட்களில் பெரும்பாலான பிள்ளைகளை அங்கிருந்து மாற்றினார்கள்.

"சுத்தமாக வைத்திருக்க வேண்டும்" என்றால் அதில் சோப்பு அடங்குமா என்று நீதிமன்றத்தில் வாதமே நடந்தது. சிரிக்க வேண்டாம், மெய்யாகத்தான். எழுத்தில் சோப்பு என்று இல்லையே என்பது அரசாங்கத் தரப்பு. தூக்கமும் சோப்பும் சாப்பாடும் இல்லாமல் சுத்தம் ஏது, பாதுகாப்பு ஏது என்று மேன்முறையீட்டு நீதிபதிகள் 2019 ஓகஸ்டில் தீர்ப்பு எழுதினார்கள். அந்த உடன்படிக்கையையே நீக்கிவிட அரசாங்கம் அதே வருடம் புதிய விதிகள் கொண்டுவந்தது. அதையும் ஒரு நீதிபதி தடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "காசு வாங்காமல் வாதாடுவார்கள்" என்கிறாரே அந்த ஆள்! அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க உரிமை உண்டு. வைத்துக் கொடுக்க வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இல்லை. பிள்ளைக்கும் அதே விதிதான். தர்மத்துக்கு வாதாடுகிற சட்டத்தரணிகள் கிடைத்த பிள்ளைக்கு அதிர்ஷ்டம். கிடைக்காத பிள்ளை, கால் தரையில் எட்டாத நாற்காலியில் தனியாக நீதிபதி முன் உட்கார்ந்திருக்கும்.

சிறுவர் உரிமைகள் சமவாயம் என்று ஒன்று ஐக்கிய நாடுகள் சபையில் 1989இல் நிறைவேறியது. அதன் 37ஆம் உறுப்புரை, பிள்ளையை அடைத்து வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும் என்கிறது. அடைத்தால் உடனே சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அவுஸ்திரேலியா 1990இல் அதை ஏற்றது, இலங்கை 1991இல் ஏற்றது. அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. ஏற்ற நாட்டில் பிலோவீலாப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மேலே படித்தீர்கள்.

கடிதம் கூரைத் தகரத்தில் இருந்தது

இனி என் அனுபவம் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நான் வேலை பார்த்த தோட்டத்திலிருந்து ஒரு பையன் நீர்கொழும்புப் பக்கம் கடை வேலைக்கென்று போய், அங்கிருந்து படகேறிவிட்டான். பல மாதம் கழித்து அவன் தாய்க்கு வெளிநாட்டுத் தபால் ஒன்று வந்தது. ஆங்கிலக் கடிதம். பாங்குக் கடன் கடிதம் என்று பயந்து, அதைக் கூரைத் தகரத்துக்கும் மரச் சட்டத்துக்கும் இடையில் செருகி வைத்துவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். என் மேசையிலும் அது நாலு நாள் கிடந்தது. வேறு வேலை இருந்தது என்று சொல்லலாம், அது நியாயம் இல்லை. பிரித்து வாசித்தால், மகனுக்காக ஆஜராகும் சட்டத்தரணி எழுதியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், நடந்ததைத் தெரிந்தவர்களின் கடிதமும் இந்தத் திகதிக்கு முன் வேண்டும் என்று கேட்டிருந்தார். திகதி இரண்டு நாளுக்கு முன் முடிந்திருந்தது.

அனுப்பினோம். பதில் வரவில்லை. பையனை அடுத்த வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் நேரத்துக்குப் போயிருந்தால் வென்றிருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் பிள்ளையின் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தகரம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரே இரவில் தொலைபேசியில் வேலை முடிந்தது. இங்கே மூன்று கிழமை நாலு நாள்.

கடதாசியால் தோற்பது நமக்குப் புதிது இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் பாட்டன் பாட்டி நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆனால் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, கலியாணம் ஆனவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். மனுப் போடக் கொடுத்த காலம் இரண்டு வருடம். என் பாட்டனாருக்கு செக்ரோலில் ஒரு பெயர், மனுவில் இன்னொரு பெயர். "இரண்டும் நான்தான்" என்று அவர் சொன்னதை விசாரித்தவர் எழுதிக்கொள்ளவில்லையாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை எங்கள் வீட்டில் ஒரு கிளைக்கு அந்தப் பிரச்சினை தீரவில்லை. அதனால் எங்கோ தூர தேசத்து அகதி கதை என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை.

அந்தத் தாய்க்கு என் பதில்

அம்மா, பிள்ளையோடு போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது பொய். 2013 செப்டெம்பரிலிருந்து அவுஸ்திரேலியா படகுகளைக் கடலிலேயே மறித்துத் திருப்புகிறது. 2014இல் இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு படகில் 157 தமிழர் இருந்தார்கள், அதில் பிள்ளைகள் ஏறக்குறைய 50. எல்லோரையும் பல கிழமை கடலில் ஒரு கப்பலிலேயே வைத்திருந்தார்கள். அது சட்டப்படி சரியா என்று போட்ட வழக்கு 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. 2022இல் நம் நாட்டில் காசுக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது புறப்பட்ட படகுகளும் திரும்பித்தான் வந்தன. திரும்பி வந்தால், களவாக நாட்டை விட்டுப் போனது நம் சட்டத்திலும் குற்றம். விசாரணை, நீர்கொழும்பு நீதவான், பிணை, வழக்கு என்று ஒரு சுற்று இருக்கிறது. ஏஜென்ட் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

உயிருக்கு மெய்யாகவே ஆபத்து உள்ளவரும் நம்மிடையே இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. யாருடைய பிள்ளையோ, சகோதரமோ ஏற்கெனவே வெளியே போய்ப் புகலிடம் கேட்டுக் காத்திருந்தால், வீட்டில் இருக்கிற நீங்கள் செய்ய வேண்டிய வேலை உண்டு. வெளிநாட்டுத் தபால் வந்தால், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கவரையும் எறிய வேண்டாம், தபால் முத்திரைத் திகதிக்கு வேலை இருக்கிறது. நடந்த சம்பவங்களை நடந்தபடியே, நாள் மறந்திருந்தால் "தைப்பொங்கலுக்குப் பிறகு" என்றாவது, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூட்டி எழுதினால் வழக்கு வலுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் வித்தியாசம் வந்தால் அதிகாரிகள் அதையேதான் பிடிப்பார்கள். அங்கே இருப்பவருக்கும் சொல்லி அனுப்புங்கள்: மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம். "எனக்கு விளங்கவில்லை, வேறொருவர் வேண்டும்" என்று சொன்னால் அது பதிவாகும். பிள்ளை கூட இருந்தால், பிள்ளைக்கென்று தனிக் காரணம் உண்டா என்று சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே வழக்கு என்று வந்து கையில் காசு இல்லாவிட்டால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எந்த நிலையத்துக்குப் போவது, என்ன கொண்டுபோவது என்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

அந்தத் தாய் பிள்ளை நிறை அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப எங்க புள்ளைக்கு இப்ப என்ன கடுதாசி இருக்குன்னு பாப்போமே ஐயா" என்றார். பார்த்தோம். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. நம் லயங்களில் இப்படி எத்தனை வீடு இருக்கிறதோ.

ஆகவே வருகிற இரண்டு சனிக்கிழமைகளிலும் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பின்னேரம் ஐந்து மணி வரை நான் பிள்ளைக் காம்பராவில் இருப்பேன். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, கலியாணப் பதிவு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பெயரில் பிழை உள்ளவற்றைக் குறித்துக்கொண்டு, திருத்த மனுவை அங்கேயே நிரப்புவோம். மழை பெய்தால் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டுக் கடிதம் எதையாவது வாசிக்காமல் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், எத்தனை பழையதானாலும் பரவாயில்லை.